30 அடி ஃபைபர் போட்டுக்கு எல்.இ.டி நேவிகேஷன் லைட்: எதை வாங்குவது, எங்கே மாட்டுவது?

அணியம்30:

வணக்கம். போட் விவரம் முதலில். 30 அடி ஃபைபர், 9.9 எச்.பி அவுட்போர்டு, வெறும் போட்டில் 8 நாட் (மணிக்கு 8 கடல் மைல்) வரை போகும். தூத்துக்குடிக்குத் தெற்கே ராத்திரி வழிவலை (நீரோட்டத்தோடு மிதக்கவிடும் வலை). வலை ஒன்றரைக் கிலோமீட்டருக்குக் குறையாது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் குறுக்கே போகிற கடல். 12 வோல்ட் பேட்டரி ஒன்று, எஞ்சினில் லைட்டிங் காயில் (ஓடும்போது கரன்ட் தரும் சுருள்) இருக்கிறது.

இப்போது அணியத்தில் (படகின் முன்முனையில்) சிகப்பும் பச்சையும் ஒரே கூட்டில் உள்ள பழைய லைட், உள்ளே 10 வாட் இழை பல்பு. பின்னால் குட்டைக் கம்பத்தில் ஒரு வெள்ளை, அதுவும் 10 வாட். இரண்டையும் விடிய விடிய எரித்தால் பேட்டரி படுத்துவிடுகிறது.

எல்.இ.டி-க்கு மாற வேண்டும். கடையில் மூன்று வழி சொல்கிறார்கள். பழைய கூட்டிலேயே பல்பை மட்டும் எல்.இ.டி-யாக மாற்றுவது. லாரிக்குப் போடும் சிகப்பு, பச்சை மார்க்கர் லைட். மூன்றாவது "2 என்.எம்" (2 கடல் மைல்) என்று அச்சடித்த கடல் லைட், இது மற்ற இரண்டைவிடப் பல மடங்கு விலை. அந்த விலைக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது? மொத்தம் எத்தனை லைட் வேண்டும்? எல்.இ.டி போட்டால் வயர்லெஸ்ஸில் இரைச்சல் வருகிறது என்கிறார்களே, அது ஏன்?

இரண்டாம்_மேட்:

எத்தனை லைட் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள், பிராண்டு அப்புறம் பார்க்கலாம். 1972-ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகள்தான் இங்கேயும் அடிப்படை. உங்கள் போட் 9.1 மீட்டர், அதாவது 12 மீட்டருக்குக் கீழ், 7 மீட்டருக்கு மேல். ஓடும்போது வேண்டியவை: சுற்றிலும் 360 டிகிரி தெரியும் வெள்ளை (ஆல்ரவுண்ட்) ஒன்று, இடப்பக்கம் சிகப்பு, வலப்பக்கம் பச்சை. பெரிய கப்பலைப் போல முன்னும் பக்கமும் காட்டும் மாஸ்ட் லைட் தனி, பின்பக்கம் காட்டும் ஸ்டெர்ன் லைட் தனி என்று வைக்கவும் அனுமதி உண்டு, கட்டாயமில்லை. சைடு லைட் ஒவ்வொன்றும் நேர் முன்னிருந்து 112.5 டிகிரி வரை தெரிய வேண்டும். பக்கவாட்டுக்கு நேரே வந்து, அதற்கும் பின்னால் 22.5 டிகிரி. ஆல்ரவுண்ட் வெள்ளை, சைடு லைட்டைவிடக் குறைந்தது 1 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். உங்கள் "குட்டைக் கம்பம்" இங்கேயே தோற்றுப்போக வாய்ப்பு அதிகம், அளந்து பாருங்கள்.

தூரம்: இந்த அளவுப் படகுக்குச் சைடு லைட் 1 கடல் மைல், ஆல்ரவுண்ட் 2 கடல் மைல் தெரிந்தால் சட்டம் திருப்தி. கடல் திருப்தி அடையாது. 15 நாட்டில் வரும் கப்பலும் எதிரே 6 நாட்டில் போகும் நீங்களும் சேர்ந்தால் 21 நாட்; ஒரு மைல் இடைவெளி மூன்று நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். அதற்குள் கப்பலை ஓட்டும் பிரிட்ஜில் நிற்பவர் பார்த்து, புரிந்து, சுக்கான் திருப்பி, கப்பல் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். ஆகவே சைடு லைட்டும் 2 மைல் உள்ளதாகவே வாங்குங்கள். 1 மைலுக்கு விதி கேட்கும் ஒளி 0.9 கேண்டெலா (ஒளிச் செறிவின் அலகு), 2 மைலுக்கு 4.3. தூரம் இரட்டிப்பானால் ஒளி ஏறக்குறைய ஐந்து மடங்கு வேண்டும். "கொஞ்சம் பிரகாசமாத்தான் இருக்கு" என்று கடை வாசலில் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாததற்கு இதுவே காரணம்.

நீங்கள் கேட்ட "விலைக்கு என்ன கிடைக்கிறது" என்பதற்குப் பதில், ஒளியைவிட அதிகமாக, ஒளி நிற்கும் இடம். நேர் முன்னே சிகப்பு தன் எல்லையைத் தாண்டி 1 முதல் 3 டிகிரிக்குள் அணைந்துவிட வேண்டும், பச்சையும் அப்படியே. ஒரு மைல் தூரத்தில் 3 டிகிரி என்பது சுமார் 97 மீட்டர். மலிவு லைட்டில் 15 டிகிரி ஒழுகினால் அது பக்கத்துக்கு 500 மீட்டர் ஆகிவிடும். அந்த அகலத்துக்குள் எங்கிருந்து பார்த்தாலும் சிகப்பும் பச்சையும் சேர்ந்தே தெரியும். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் கப்பல்காரர் நீங்கள் நேர் எதிரே வருவதாக எடுத்துக்கொண்டு வலப்பக்கம் திருப்புவார். நீங்கள் அவருக்கு வலப்பக்கம் குறுக்கே போய்க்கொண்டிருந்தால், திருப்புவது உங்கள் மேல்தான்.

ஒயரிங்_பட்டறை:

மேட் சொன்னதோடு சேர்த்து, உங்கள் மூன்று வழிகளையும் பார்ப்போம்.

பழைய கூட்டில் எல்.இ.டி பல்பு: இந்த மூன்றில் இதுதான் அதிகம் ஏமாற்றும். அந்தக் கூடு ஒரு மெல்லிய செங்குத்து இழைக்காகச் செய்யப்பட்டது. ஒளி ஒரு கோட்டிலிருந்து வந்தால்தான் நடுவிலுள்ள தடுப்பு சிகப்பையும் பச்சையையும் கூர்மையாக வெட்டும். எல்.இ.டி பல்பு ஒரு விரல் தடிமன், சுற்றிலும் சிப்புகள். தடுப்பின் இருபுறமும் ஒளி வழிந்து, வெட்டு மங்கிப்போகும். லென்ஸின் குவியம் இழை இருந்த புள்ளிக்குச் செய்தது, சிப்புகள் அந்தப் புள்ளியில் இல்லை. அதனால் ஒளி மேலும் கீழும் சிதறி, கிடைமட்டத்தில் குறையும்.

நிறமும் கெடும். வெள்ளை எல்.இ.டி என்பது நீல எல்.இ.டி மேல் மஞ்சள் பாஸ்பர் பூச்சு. அதில் நீலம் தூக்கலாக இருக்கும், ஆழ்ந்த சிகப்பு குறைவு. சிகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் மங்கல், பச்சைக்குப் பின்னால் வைத்தால் நீலம் கலந்த பச்சை. விதியில் நிறத்துக்கும் எல்லை வரையறுத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் சிகப்புச் சிப்பு, மறுபக்கம் பச்சைச் சிப்பு என்று பல்பும் கிடைக்கிறது. நிறம் சரியாகும்; ஆனால் ஹோல்டரில் பத்து டிகிரி திரும்பி உட்கார்ந்தால் நிறம் தப்பான பக்கம் போய்விடும். லைட்டுக்கு வாங்கிய ஒப்புதல் எல்லாம் கூடும் பல்பும் சேர்ந்த ஜோடிக்கு. பல்பை மாற்றினால் அந்த ஒப்புதல் செத்தது.

லாரி மார்க்கர்: எல்லைக் கோணமே கிடையாது. முன்னால் ஒரு கற்றை, பக்கத்தில் போகப் போக மங்கும். 112.5 டிகிரி வரை சீராகத் தெரிய வேண்டிய இடத்தில் 60 டிகிரியிலேயே தேய்ந்துவிடும். மழைக்குத் தாங்கும், உப்புக்குத் தாங்காது. உள்ளே தகர ஸ்க்ரூ, டின் பூசாத செம்பு ஒயர்.

கடல் லைட்: நிறம் சிப்பிலிருந்தே வருகிறது, கண்ணாடி பெரும்பாலும் தெளிவானது. ஆகவே வடிகட்டியில் ஒளி வீணாவதில்லை, 2 மைலுக்கு 2 வாட் போதும். உள்ளே முழுக்கப் பிசின் ஊற்றி அடைத்திருப்பார்கள். தண்ணீர் புக இடமே இல்லாததை எடுங்கள். வாங்கும்போது பார்க்க வேண்டியது பெட்டியில் அல்ல, லைட்டின் உடம்பில். தூரம் எத்தனை மைல், எத்தனை டிகிரி, எந்த ஒப்புதல் என்பது அச்சாகவோ பொறித்தோ இருக்க வேண்டும். ஐரோப்பியச் சக்கரக் குறி, அல்லது அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஒப்புதல் வரி, இரண்டில் ஒன்று இருந்தால் சோதித்த பொருள். "மரைன் கிரேடு" என்ற வார்த்தை மட்டும் இருந்தால் அது ஸ்டிக்கர் ஒட்டியவரின் கருத்து.

வோல்டேஜ் எல்லையும் கவனியுங்கள். 9 முதல் 30 வோல்ட் வரை தாங்குவதாக இருக்கட்டும். "12 வோல்ட்" என்று மட்டும் போட்டது சார்ஜ் ஏறும்போது 14.5-ஐத் தொட்டாலே சூடாகி ஆயுள் குறையும்.

இதோடு சம்பந்தப்பட்ட முக்கியமான ஒன்று: உங்கள் எஞ்சினில் லைட்டிங் காயில் இருக்கிறது என்றீர்கள். கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணும் பல எஞ்சின்களில் அந்தக் காயில் ஏ.சி-தான் தரும், அதை டி.சி-யாக மாற்றும் ரெக்டிஃபையர் தனியாகப் போட வேண்டும். மீட்டரை ஏ.சி-யில் வைத்து எஞ்சின் ஓடும்போது அளந்து பாருங்கள். ரெகுலேட்டருடன் கூடிய ரெக்டிஃபையர் இல்லாமல் நேரே லைட்டுக்குக் கொடுத்தால் சாதா ஓட்டத்தில் எல்.இ.டி துடிக்கும், ஆக்சிலரேட்டர் ஏற்றினால் வோல்டேஜ் எகிறி எரிந்துபோகும். இழை பல்பு இதையெல்லாம் பொறுத்துக்கொண்டது. அதனால்தான் இத்தனை நாள் தெரியவில்லை. பேட்டரி படுத்துப்போவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்: சார்ஜே ஏறாமல் இருக்கலாம்.

அணியம்30:

இருவருக்கும் நன்றி. ரெக்டிஃபையர் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இன்னொரு சந்தேகம். வலை விட்டுவிட்டு அதன் மேல் கிடக்கும்போதும் இதே வெள்ளையும் சைடு லைட்டும் போதுமா? இங்கே நிறைய பேர் கலர் கலராக மின்னும் எல்.இ.டி கட்டுகிறார்களே, அது தூரத்திலிருந்து நன்றாகத் தெரிகிறது.

இரண்டாம்_மேட்:

போதாது. வலை தண்ணீரில் இருக்கும்போது நீங்கள் "மீன்பிடித்துக்கொண்டிருக்கும் படகு". அதற்குத் தனி அடையாளம்: மேலே சிகப்பு, கீழே வெள்ளை, இரண்டும் ஆல்ரவுண்ட். (இழுவைமடி போட்டுக்கு மேலே பச்சை, கீழே வெள்ளை.) இதைப் பார்த்தால்தான் கப்பல்காரருக்கு இது சட்டென்று நகர முடியாத படகு, நாம்தான் விலக வேண்டும் என்று தெரியும். வெறும் வெள்ளையும் சைடு லைட்டும் காட்டிக்கொண்டு வலை மேல் கிடந்தால், ஓடிக்கொண்டிருக்கும் சாதாரண விசைப்படகு என்றே கணக்கு வைப்பார். நீங்கள் விலகுவீர்கள் என்று எதிர்பார்க்கவும் செய்வார்.

எஞ்சின் போடாமல், நீரோட்டத்தோடு மிதந்தால் சிகப்பு-வெள்ளை மட்டும். சைடு லைட் அணைந்திருக்க வேண்டும். எஞ்சின் போட்டு வலையை ஒட்டி நகர்ந்தால் சிகப்பு-வெள்ளையோடு சைடு லைட்டும் ஸ்டெர்ன் லைட்டும். ஆகவே 135 டிகிரி ஸ்டெர்ன் லைட் ஒன்றும் உங்கள் பட்டியலில் சேருகிறது.

உங்கள் வலைக்கு இன்னொன்று உண்டு, பலருக்கும் இது தெரியாது. வலை படகிலிருந்து 150 மீட்டருக்கு மேல் விரிந்து கிடந்தால், வலை கிடக்கும் திசையில் கூடுதலாக ஒரு வெள்ளை ஆல்ரவுண்ட் வேண்டும். அது சிகப்பு-வெள்ளைக் கம்பத்திலிருந்து கிடைமட்டமாக 2 மீட்டருக்குக் குறையாமலும் 6 மீட்டருக்கு மேல் போகாமலும் இருக்க வேண்டும். உயரம் கம்பத்து வெள்ளையைவிட மேலே போகக்கூடாது, சைடு லைட்டைவிடக் கீழே இறங்கவும் கூடாது. உங்கள் கயிறு அணியத்தில் கட்டுவதானால் கம்பம் பின்னால், இந்த லைட் முன்னால் 4 அல்லது 5 மீட்டர் தள்ளி.

கம்பத்தின் அளவு: இரண்டு லைட்டுக்கும் இடையே 1 மீட்டர். கீழ் வெள்ளை, படகின் மேல்விளிம்பிலிருந்து குறைந்தது 2 மீட்டர். அதோடு, கீழ் வெள்ளை சைடு லைட்டுக்கு மேலே, அந்த இடைவெளியைப் போல் இரு மடங்கு உயரத்தில், அதாவது 2 மீட்டர் மேலே இருக்க வேண்டும். அணியத்தில் சைடு லைட் விளிம்பிலிருந்து 30 செ.மீ உயரத்தில் இருந்தால் வெள்ளை 2.3 மீட்டர், சிகப்பு 3.3 மீட்டர். இடைவெளியை அரை மீட்டராகச் சுருக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கூடாது. மனிதக் கண் இரண்டு புள்ளிகளைப் பிரித்தறிய ஏறக்குறைய ஒரு ஆர்க் நிமிடக் கோணம் வேண்டும். 1 மீட்டர் இடைவெளி ஒரு மைலில் 1.9 நிமிடம், பிரிந்து தெரியும். அரை மீட்டர் 0.9 நிமிடம், ஒரு மைலிலேயே இரண்டும் ஒட்டி, ஏதோ ஒரு வெளுத்த சிகப்பாகத் தெரியும்.

மின்னும் கலர் லைட்டைப் பற்றி: தூரத்திலிருந்து தெரிகிறது, உண்மை. என்னவென்றுதான் தெரியாது. துறைமுக வாய்க்காலின் மிதவைகளில் சிகப்பும் பச்சையும் மின்னுகின்றன. அதே நிறத்தில் நீங்களும் மின்னினால் உங்களைப் படகாக யாரும் எண்ண மாட்டார்கள். நேவிகேஷன் லைட்டோடு குழப்பும் வேறு லைட்டைக் காட்டவே கூடாது என்று விதி சொல்கிறது. வலை இழுக்கும் ஃபிளட் லைட்டும் இதில் சேரும். அதை கீழே பார்த்துத் திருப்பி, மேலே மறைப்பு வையுங்கள். கடலைப் பார்த்து எரியும் 50 வாட் ஃபிளட் பக்கத்தில் 2 வாட் சிகப்பு இருப்பதே தெரியாது.

கரைமடி:

மேட் சார் சொல்றது எல்லாம் சரி. ஆனா 3.3 மீட்டர் கம்பத்தோட அலையடிக்கிற கரையில ஏத்தி இறக்குறவன் பாட்டையும் பாக்கணும்ல. நிரந்தரமா வச்சா ஒரு மாசத்துல அடியில பைபர் வெடிச்சிரும். கழட்டி மாட்டுற மாதிரி செய்யணும் அண்ணே.

பின் குறுக்குப்பலகையில ஒரு அடி நீளத்துக்கு எஸ்.எஸ் (துருப்பிடிக்காத எஃகு) குழாய் சாக்கெட் ரெண்டு இடத்துல பிடிச்சு வையுங்க: ஒண்ணு பலகை மேல, ஒண்ணு கீழ தரையில. ஒரே இடத்துல பிடிச்சா ஆட்டத்துல போல்ட் ஓட்டை பெருசாயிரும். ஃபைபருக்கு உள்பக்கம் 6 எம்.எம் எஸ்.எஸ் தகடு வச்சு அதுல நட்டு போடுங்க. வெறும் வாஷர் ஃபைபரைத் தின்னுட்டு உள்ள போயிரும். கம்பத்துக்கு ஒன்றரை இஞ்சு அலுமினியக் குழாய் போதும், லேசா இருக்கும். அலுமினியத்துல எஸ்.எஸ் ஸ்க்ரூ போடுற எடத்துல நைலான் வாஷர் கட்டாயம், இல்லேன்னா உப்புத்தண்ணியில அலுமினியம் வெள்ளைப் பொடியா உதிரும். சாக்கெட்டும் எஸ்.எஸ் ஆச்சே, அதனால குழாயோட அடியில பி.வி.சி உறை ஒண்ணு போட்டு எறக்குங்க.

உசரத்துக்கு இன்னொரு லாபம். உள்ள நிக்கிற ஆளோட தலை விளிம்புக்கு மேல ஒரு மீட்டர்தான் வரும். 2.3-ல இருக்கிற வெள்ளையை யாரும் மறைக்க மாட்டாங்க, கண்ணுலயும் அடிக்காது. கூசுச்சுன்னா லைட்டுக்கு நேர் கீழ ஒரு சாண் அகல கறுப்புத் தட்டு மாட்டுங்க, உள்ள வெளிச்சம் விழாது. ரொம்ப அகலமா வச்சிராதீங்க, பக்கத்துல நிக்கிற வள்ளத்துக்கு லைட்டு மறைஞ்சிரும்.

சிகப்பை உச்சியில வையுங்க, வெள்ளையை ஒரு மீட்டர் கீழ கம்பத்துக்குப் பக்கத்துல கை நீட்டி வையுங்க. கம்பத்தை ஒட்டி வச்சா கம்பமே பின்னால பெரிய இருட்டு போடும்.

இரண்டாம்_மேட்:

அந்த இருட்டுக்கும் கணக்கு உண்டு. ஆல்ரவுண்ட் லைட்டைக் கம்பம் 6 டிகிரிக்கு மேல் மறைக்கக்கூடாது. ஒன்றரை இஞ்சு, அதாவது 38 எம்.எம் குழாய் 6 டிகிரிக்குள் அடங்க, லைட்டின் மையம் குழாயின் மையத்திலிருந்து சுமார் 37 செ.மீ தள்ளி இருக்க வேண்டும். 40 செ.மீ கை வைத்துவிடுங்கள். மேல் பகுதிக்கு மட்டும் 20 எம்.எம் குழாய் போட்டால் 20 செ.மீ போதும், ஆட்டமும் குறையும். கை நீள்வது பக்கவாட்டில் வேண்டாம், பின்பக்கமாக இருக்கட்டும். மீதி மறைவு அணியம் பார்த்த 6 டிகிரிக்குள் விழும், அந்தத் திசையில் சைடு லைட் இரண்டும் தெரியும்.

அணியம் தூக்குவதையும் பாருங்கள். விதி கேட்பது, லைட் கிடைமட்டத்துக்கு மேலும் கீழும் 5 டிகிரி வரை முழு ஒளி, 7.5 டிகிரி வரை 60 சதவீதம். வெறும் போட்டில் வேகம் ஏற்றும்போது அணியம் அதற்கு மேல் தூக்கினால் சைடு லைட் வானத்தைப் பார்க்கும். பாய்மரப் படகுக்கு என்று விற்கும் லைட்டில் 25 டிகிரி வரை பாதி ஒளியாவது இருக்கும், சாய்ந்து ஓடுவதற்காக அப்படிச் செய்கிறார்கள். அதே விலையில் அது கிடைத்தால் அதை எடுங்கள்.

வள்ளம்_20:

நடுவில் ஒரு கேள்வி. எங்களுடையது 20 அடி வள்ளம், சின்ன எஞ்சின், 6 நாட் தாண்டாது. இத்தனை லைட் எங்களுக்கும் வேண்டுமா?

இரண்டாம்_மேட்:

20 அடி என்றால் 6.1 மீட்டர். 7 மீட்டருக்குக் கீழ், அதிகபட்ச வேகம் 7 நாட்டுக்குள், இரண்டும் பொருந்துகிறது. ஓடும்போது ஒரு ஆல்ரவுண்ட் வெள்ளை போதும்; முடிந்தால் சைடு லைட்டும் வைக்க வேண்டும் என்கிறது விதி. ஒரே கூட்டில் இரண்டு நிறமும் உள்ள எல்.இ.டி 3 வாட்டுக்குள்தான் எடுக்கிறது, ஆகவே "முடியாது" என்று சொல்ல இப்போது காரணம் இல்லை. ஆனால் 10 எச்.பி போட்டு 8 நாட் போனால் இந்தச் சலுகை போய்விடும். வலை போட்டால் சிகப்பு-வெள்ளை உங்களுக்கும் உண்டு. அதில் 7 மீட்டர் விலக்கு கிடையாது. தூண்டிலை இழுத்துக்கொண்டு ஓடுவது மட்டும் "மீன்பிடித்துக்கொண்டிருப்பது" கணக்கில் வராது, சாதாரண லைட்டுகளே.

ஒயரிங்_பட்டறை:

இப்போது மின்சாரக் கணக்கு, வயர்லெஸ் இரைச்சல் இரண்டையும் முடித்துவிடுகிறேன்.

ஓடும்போது: வெள்ளை 2 வாட், அணியக் கூடு 3 வாட், மொத்தம் 5. வலை மேல்: சிகப்பு, வெள்ளை, வலைத்திசை வெள்ளை, மொத்தம் 6. நான்கு மணி நேரம் ஓட்டம், எட்டு மணி நேரம் வலை என்றால் 68 வாட்-மணி, 12 வோல்ட்டில் 6 ஆம்பியர்-மணிக்குள். உங்கள் பழைய இரண்டு பல்பும் 12 மணி நேரத்துக்கு 20 ஆம்பியர்-மணி தின்றன.

கரன்ட் அரை ஆம்பியர்தானே என்று காது ஒயர் மாதிரி மெல்லிய ஒயர் போடாதீர்கள். 1.5 ஸ்கொயர் எம்.எம், டின் பூசிய பல இழைச் செம்பு, இரட்டை உறை. வோல்டேஜ் இறக்கத்துக்காக அல்ல (8 மீட்டர் போய்வந்து 0.2 ஓம், அரை ஆம்பியரில் 0.1 வோல்ட்), இழுபடவும் அதிரவும் தாங்குவதற்காக. டின் பூசாத ஒயரில் உப்பு உறைக்குள் ஏறி, வெட்டிப் பார்த்தால் அரை மீட்டர் வரை கறுத்திருக்கும்.

பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 5 ஆம்பியர் முதன்மை ஃபியூஸ். பிறகு ஒவ்வொரு லைட்டுக்கும் 1 அல்லது 2 ஆம்பியர் ஃபியூஸ், தனித்தனி சுவிட்ச். ஒரே ஃபியூஸில் எல்லாவற்றையும் தொங்கவிட்டால் ஒரு கனெக்டரில் தண்ணீர் போனதும் முழு இருட்டு. நான்கு சுவிட்ச் வையுங்கள்: வெள்ளை, சைடு லைட், சிகப்பும் வலைத்திசை வெள்ளையும் சேர்ந்து ஒன்று, ஸ்டெர்ன். ஓட்டத்துக்கு முதல் இரண்டு. வலை மேல் முதலும் மூன்றாவதும். எஞ்சின் போட்டு வலையோடு நகர்ந்தால் நான்கும். நங்கூரத்துக்கு முதலாவது மட்டும். ஓட்டத்து வெள்ளையும் வலை வெள்ளையும் ஒரே லைட்தான், இரண்டாவது வாங்கத் தேவையில்லை. சுவிட்சில் எண் போட்டு பெயிண்ட் அடித்துவிடுங்கள். இருட்டில் எழுத்துப் படிக்க முடியாது.

கம்பம் கழற்றுவதானால் மூன்று கம்பி ஒயர்: பொது நெகடிவ், வெள்ளை, சிகப்பு. நீர்புகா கனெக்டர் வாய் கீழ் நோக்கி இருக்கட்டும், மேல்விளிம்புக்கு மேலே. உள்ளே சிலிக்கான் கிரீஸ். கழற்றியதும் இரண்டு வாயும் மூடி. லைட் பக்கத்து இணைப்புகளில் ஸ்க்ரூ கனெக்டரும் இன்சுலேஷன் டேப்பும் கூடவே கூடாது. உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் பட் கனெக்டர், சரியான கிரிம்பிங் பிளையர். ஒயர் லைட்டுக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு தொங்க விடுங்கள். தண்ணீர் அங்கே சொட்டிவிடும்.

வயர்லெஸ்: இரைச்சல் எல்.இ.டி சிப்பிலிருந்து வருவதில்லை, அதற்கு முன்னால் உள்ள டிரைவரிலிருந்து. பேட்டரி வோல்டேஜைச் சிப்புக்குத் தேவையான அளவுக்குக் குறைக்க அது விநாடிக்குப் பல லட்சம் முறை கரன்ட்டைத் திறந்து மூடுகிறது. மலிவு லைட்டில் வடிகட்டி இல்லை. ஒயரே ஆன்டெனாவாகி, கடல் வயர்லெஸ் வேலை செய்யும் வி.எச்.எஃப் அலைவரிசை வரை கொட்டுகிறது. ஆபத்து அழைப்புக்கான சேனல் 16 இருப்பது 156.8 மெகாஹெர்ட்ஸில், கப்பல்கள் தம் இருப்பிடத்தை அறிவிக்கும் ஏ.ஐ.எஸ் 161.975-லும் 162.025-லும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018 ஆகஸ்டில் இதற்காகவே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. சோதிக்க அவர்கள் சொன்ன வழி எளிது. எல்.இ.டி எல்லாம் அணைத்து, பேச்சில்லாத சேனலில் வைத்து, ஸ்குவெல்ச்சை (இரைச்சலை அடக்கும் திருகு) இரைச்சல் சரியாக அடங்கும் புள்ளி வரை மட்டும் திருப்புங்கள். பிறகு லைட்டை ஒவ்வொன்றாகப் போடுங்கள். இரைச்சல் திரும்பி வந்தால் அந்த லைட்தான் திருடன். ஸ்குவெல்ச்சை இன்னும் ஏற்றி வாயை அடைப்பது தீர்வல்ல, தூரத்துப் பேச்சும் சேர்ந்து அடைபடும்.

இரைச்சல் வந்தால்: பிளஸ், மைனஸ் இரண்டையும் முறுக்கி ஓட்டுங்கள், லைட்டை ஒட்டி ஃபெரைட் மணியில் நான்கைந்து சுற்று சுற்றுங்கள், வி.எச்.எஃப் ஆன்டெனாவைக் கம்பத்திலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். ஃபிளட் லைட்டையும் சேர்த்துச் சோதியுங்கள். பெரும்பாலும் குற்றவாளி அதுதான்.

அணியம்30:

ரெக்டிஃபையர் இல்லை, காயிலிலிருந்து நேரே பேட்டரிக்கு ஒரு டயோடு மட்டும் போட்டிருக்கிறார்கள். ரெகுலேட்டர் ரெக்டிஃபையர் மாற்றுகிறேன். பட்டியல்: அணியத்துக்கு 2 மைல் சிகப்பு-பச்சைக் கூடு ஒன்று, ஆல்ரவுண்ட் வெள்ளை இரண்டு, ஆல்ரவுண்ட் சிகப்பு ஒன்று, 135 டிகிரி ஸ்டெர்ன் ஒன்று. மாட்டியதும் கோணம் சரியா என்று கரையிலேயே பார்க்க முடியுமா?

இரண்டாம்_மேட்:

முடியும். இருட்டியபின் போட்டைக் கரையில் நேராக, மட்டமாக நிறுத்துங்கள். அணியக் கூட்டிலிருந்து நடுக்கோட்டில் 20 மீட்டர் கயிறு முன்னால் இழுத்து, அங்கே குச்சி நடுங்கள். குச்சியில் நின்றால் இரண்டு நிறமும் தெரிய வேண்டும். குச்சியிலிருந்து பக்கவாட்டில் 1 மீட்டர் போனால் (20 மீட்டரில் அதுதான் 3 டிகிரி) ஒரு நிறம் அணைந்திருக்க வேண்டும். போட்டின் இடப்பக்கமாகப் போனால் சிகப்பு மட்டும், வலப்பக்கமாகப் போனால் பச்சை மட்டும். இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் அணையவில்லை என்றால் கூடு திரும்பி உட்கார்ந்திருக்கிறது. அடியில் ஸ்க்ரூவைத் தளர்த்தி நேராக்குங்கள்.

பின் எல்லைக்கு: கூட்டிலிருந்து செங்குத்தாகப் பக்கவாட்டில் 10 மீட்டர் அளந்து, அங்கிருந்து பின்பக்கமாக 4.1 மீட்டர். அதுதான் 112.5 டிகிரி. அந்த இடம் வரை சைடு லைட் தெரிய வேண்டும், இன்னும் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் பின்னால் போனால் மறைய வேண்டும். ஸ்டெர்ன் லைட்டுக்கும் அதே அளவை அதன் இடத்திலிருந்து எடுங்கள். அது அந்தக் கோணத்தில் எரியத் தொடங்க வேண்டும். எஞ்சின் மூடி மறைக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

ஒயரிங்_பட்டறை:

பட்டியல் சரி. இரண்டு சேருங்கள். ஒரு உதிரி வெள்ளை ஆல்ரவுண்ட்: பிசின் ஊற்றிய லைட்டைக் கடலில் திறந்து சரி செய்ய முடியாது, முழுசாகத்தான் மாற்ற வேண்டும். அடுத்து, புறப்படும் முன் சுவிட்சைப் போட்டு "எரியுது" என்று பார்ப்பதோடு நிறுத்தாமல் ஒரு சுற்று நடந்து பாருங்கள். இழை பல்பு போனால் முழுசாகப் போகும், எல்.இ.டி-யில் ஒரு வரிசை சிப்பு மட்டும் செத்து, 90 டிகிரிக்கு இருட்டு விழுந்திருக்கும், சுவிட்ச் பக்கம் நிற்பவருக்குத் தெரியாது.

இன்னொன்று, ஸ்டெர்ன் லைட்டை எஞ்சின் தூக்கும்போது இடிக்காத மூலையில் வையுங்கள். ஒரு பக்கம் தள்ளி இருந்தாலும் விதி அனுமதிக்கும், அமரத்தை (படகின் பின்முனையை) ஒட்டி இருந்தால் போதும்.